ஒரு கேன் ஓடைத் தண்ணீர்

வரலட்சுமிக்கு அன்றைக்கு வந்த கோபத்தை அளக்கும் மீட்டரைக் கோயமுத்தூரில் எந்தப் பட்டறையும் இன்னும் செய்யவில்லை. டெலிபோனை அவள் வைத்த வைப்பில் சிங்காநல்லூர்க் குளத்துக் கொக்குகள் மொத்தமும் எழும்பி, பீளமேடு வரை பறந்துபோய், ஒரு டீ குடிக்கும் நேரம் அங்கேயே இருந்துவிட்டுத்தான் திரும்பி வந்தன. பஸ் ஸ்டாண்டில் உறுமிக்கொண்டிருந்த தாராபுரம் வண்டி தானாக அணைந்து போனது. டிரைவர் இறங்கி எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டுக்கொண்டார்.

போனில் பேசியது சம்பந்தியம்மா ராமாமணி. பேச்சு என்னவோ வெண்ணெய்தான்.

“ஏனுங் சம்மந்தி, வளைகாப்புக்குச் சமையலுக்கு நாங்களே ஆளு கூட்டியாந்தர்றோமுங்க. நீங்க எதுக்குங்க சிரமப்பட்டுட்டு? பட்டுச்சேலையக் கட்டீட்டு நின்னீங்கன்னாப் போதுமுங்க.”

மகள் பிரத்யுஷாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு வரலட்சுமி வீட்டில். பிள்ளைத்தாய்ச்சி மகளுக்குப் புளிசாதமும் எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் தாய் தன் கையால் கிளறிப் போடுவதுதான் அந்த வீட்டு வழக்கம். அந்த அடுப்பை ஊரான் ஒருத்தன் வந்து பற்றவைப்பான், அவள் பட்டுப்புடவையோடு ஓரமாக நின்று பார்க்க வேண்டும். இதைவிட அந்த அம்மாள் கன்னத்தில் ஒன்று போட்டிருக்கலாம். அதற்காவது ஒத்தடம் கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் காரணம் வேறு யாருமில்லை. ஈஸிசேரில் சாய்ந்து ‘தண்ணீரே மருந்து’ என்று ஏதோ மாத இதழ் படித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் ராமுலுதான்.

ராமுலு நாயுடு பம்ப் பட்டறையை மகன் ரவிதேஜாவிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல், சிங்காநல்லூரைச் சிங்கையாகச் சுருக்கி, ‘சிங்கை மலையேற்றக் கழகம்’ ஆரம்பித்தவர். மாதம் ஒரு ஞாயிறு மேற்கே குரங்குப்பாறை ஓடைக்கு நடை. கழகத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் அவரே. கொள்கை ஒன்றே ஒன்று: சிறுவாணி.

கோயமுத்தூர்க்காரருக்குச் சிறுவாணி என்றால் மற்ற ஊர்க்காரருக்குக் குலதெய்வம் மாதிரி. மெட்ராஸுக்குப் போனால் துணி எடுத்துப்போக மறந்தாலும் ஒரு கேன் சிறுவாணி எடுத்துப்போக மறக்கமாட்டார். ராமுலு அதிலும் ஒரு படி மேல். உலகத்திலேயே இரண்டாவது ருசியான தண்ணீர் இது என்று ஊரே சொல்லும். முதலாவது எது என்று கேட்டால், “அதுவும் சிறுவாணிதானுங்க, வேற பைப்புல வருது” என்பார் இவர். சிறுவாணி மேற்கு மலையிலிருந்து வருகிறது. ஆகவே மேற்கு மலையில் எது ஓடினாலும் சிறுவாணி. குரங்குப்பாறை ஓடை மேற்கு மலையில் ஓடுகிறது. ஆகவே அது சிறுவாணி. பைப்பில் வருவதில் குளோரின் வாசம் அடிக்கும், இதில் அதுவும் கிடையாது. இவ்வளவுதான் அவருடைய விஞ்ஞானம்.

“காய்ச்சறதா? சிறுவாணியக் காய்ச்சறதும் ஒண்ணுதான், மல்லிகைப்பூவ வாணலியில போட்டு வறுக்கறதும் ஒண்ணுதான்” என்பார்.

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் அந்த ஓடைக்குப் போய் ஒரு பெரிய கேன் நிறையப் பிடித்து வந்து, நிச்சயதார்த்த விருந்தில் “சம்மந்தி ஊட்டுச் சனத்துக்கு மலை ஊத்துத் தண்ணி” என்று வெள்ளி டம்ளரில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். மறுநாள் விடிவதற்குள் இரண்டு வீட்டு உறவும் கொல்லைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒருத்தர் வெளியே வருவதற்குள் இன்னொருத்தர் உள்ளே. பெரிய மாமா வேட்டியைக் கட்டுவதையே நிறுத்திவிட்டார். ராமாமணியை நர்சிங்ஹோமில் படுக்கவைத்துப் பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

அப்போது கட்டிலில் சுருண்டு கிடந்த ராமுலு, பார்க்க வந்தவர்களிடம், விருந்துக்கு வரலட்சுமி வைத்த ரசத்தைப் பற்றி ஈன சுரத்தில் ஒரு வார்த்தை சொன்னார்:

“கொள்ளு ரசந்தானுங்க... கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு.”

அந்த ஒரு வார்த்தைக்குக் கால் முளைத்தது. முளைத்த கால் நடக்கவில்லை, ஓடியது. அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை பார்க்கப் போன ஒன்றுவிட்ட மைத்துனன், அங்கே முன்பின் தெரியாத ஒருத்தர் “சிங்காநல்லூர்ல ஒரு கொள்ளு ரசமாமே?” என்று விசாரித்ததாக வந்து சொன்னான். பக்கத்தில் கொள்ளு தின்றுகொண்டிருந்த குதிரை வாயைத் துடைத்துக்கொண்டதாம்.

அன்றிலிருந்து ராமாமணி இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் சிவப்பு மூடி போட்ட ஒரு பிளாஸ்க்கோடு வந்தாள். “இப்பத்தான் சாப்புட்டு வந்தனுங்க” என்பாள். விடிகாலையில் வந்தாலும் அதையேதான் சொன்னாள். வரலட்சுமியுடையது முப்பது வருஷம் சமைத்த கை. அந்தக் கை வைத்த கொள்ளு ரசத்துக்காகப் பொள்ளாச்சியிலிருந்து காய்ச்சல்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்த காலம் உண்டு. ரசத்தை அவளும்தான் குடித்தாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மகளும் குடித்தாள், அவளுக்கும் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் கேன் தண்ணீரைத் தொடவில்லை. இதைச் சொன்னால், “சமைச்சவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது, அது அப்புடித்தான்” என்று ராமுலு புது வைத்தியம் பேசுவார்.

“யாரு போன்ல?” என்று இப்போது இதழிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார்.

“உங்க கேன் தண்ணிக்குப் பொறந்த புள்ள பேசுச்சுங்க.” கொங்கு நாட்டில் கோபம் கொப்பளித்தாலும் ‘ங்க’ மட்டும் தவறாது. கழுத்தை நெரித்தாலும் மரியாதையாகத்தான் நெரிப்பார்கள். “என்ற புள்ளைக்கு வளைகாப்பு, அதுக்கு நான் சமைக்கப்படாதாமா.”

“போவுது உடு அம்மணி. உனக்கும் ரெஸ்ட்டு. நான் என்ற பங்குக்கு ஞாயித்துக்கெழம ஓடைக்குப் போயி ஒரு கேன் புடிச்சாந்தர்றேன். புள்ளத்தாச்சிக்குச் சுத்தமான தண்ணி குடுக்கோணும்.”

அடுப்படியில் இருந்த பித்தளைச் சாமான்கள் தாமாகவே உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டன.

“பிரத்யுஷாவுக்கா?”

“பின்ன உனக்கா?”

கத்தினால் தீர்ந்துபோகும் கோபம் இல்லை இது. டெலிபோனை எடுத்துச் சம்பந்தி வீட்டு நம்பரைச் சுழற்றினாள்.

“ஏனுங் சம்மந்தி, ஞாயித்துக்கெழம இவரு ஓடைக்குத் தண்ணி எடுக்கப் போறாருங்க. சிறுவாணி பொறக்கற எடமாமுங்க. நீங்களும் வாங்க, நானும் வாரேன். உங்க கண்ணால பாத்து, நல்ல தண்ணின்னு நீங்களே சொன்னீங்கன்னா உங்க மருமகளுக்குக் குடுப்போம். என்னுங்க?”

ஈஸிசேரில் ராமுலுவுக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவி கடைசியில் திருந்திவிட்டாள் என்று நினைத்தார். பாவம்.

ஞாயிறு விடியலில் அப்துல் நாசரின் மெட்டடார் வேன் வந்து நின்றது. நாசர் பெரிய கடைவீதியில் அலுமினியப் பாத்திர வியாபாரி. ராமுலுவுக்கு இருபது வருஷத்து நண்பர், கழகத்தின் நிரந்தர உறுப்பினர். மற்ற உறுப்பினர்கள் சம்பந்தியம்மா வருகிறாள் என்று கேள்விப்பட்டதும் ஆளுக்கொரு கல்யாணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். இந்த முறை நான்கே பேர்.

வரலட்சுமி வண்டியில் ஏற்றியதைப் பார்த்து ராமுலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு பம்ப் ஸ்டவ், ஒரு பாட்டில் மண்ணெண்ணெய், தண்ணீர் காய்ச்ச ஒரு பெரிய போசி, வெள்ளை வேட்டி ஒன்று, தோளில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் நிறைந்த கூஜா.

“நாசரு, பாத்தியா? மலைக்குப் போறவ மண்ணெண்ணெய் கொண்டாரா. மேல ஓட்டல் வெக்கப் போறயா அம்மணி?”

“ஆமாங்க. கொள்ளு ரசக் கடை.”

ராமுலுவின் சிரிப்பு பாதியில் நின்றது. நாசர் வண்டியை ஸ்டார்ட் செய்வதில் மிகவும் மும்முரமானார்.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, வனத்துறை ஆளிடம் சொல்லிவிட்டு நடந்தார்கள். மாசி மாத வெயில் காலையிலேயே பல்லைக் காட்டியது. ஏற்றம் என்றால் சும்மா ஏற்றமில்லை. முன்னால் போகிறவரின் செருப்பு பின்னால் வருகிறவரின் மூக்குக்கு நேராக இருந்தது. ராமுலு மட்டும் கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு, இந்த மலையைத் தாமே வார்ப்படம் ஊற்றி நிறுத்திவைத்தவர் போல விளக்கிக்கொண்டே போனார். ராமாமணி தடித்த உடம்புக்காரி. சிவப்பு மூடி பிளாஸ்க் முதல் மேட்டிலேயே காலி. அடுத்த மேட்டில் அவள் ஒரு பாறையில் உட்கார்ந்தபோது மூச்சுச் சத்தத்தில் இரண்டு மயில்கள் கலைந்து ஓடின.

வரலட்சுமி கூஜாவைத் திறந்தாள். “குடிங்க சம்மந்தி. காய்ச்சி ஆறவெச்ச தண்ணிங்க.”

ராமாமணியின் நாக்கு மேலண்ணத்தில் பசை போட்டு ஒட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. இருந்தும், “இல்லீங்க... தாகமே இல்லீங்க எனக்கு” என்றாள்.

வரலட்சுமி கூஜாவை மூடினாள். மூடித் திருகிய திருகலில் மரை இரண்டு சுற்று அதிகமாகவே இறங்கியது. வெறும் தண்ணீர்! உப்பில்லை, புளியில்லை, கொள்ளில்லை. தன் கை பட்டது என்பதற்காக ஒரு பொம்பளை தாகத்தில் சாகத் தயார், ஆனால் இந்தத் தண்ணீரைக் குடிக்கமாட்டாள். கண்ணில் நீர் முட்டியது. அழுகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று இன்னும் கோபம் வந்தது. மிச்ச மலையை அவள் நடக்கவில்லை, மிதித்தாள்.

குரங்குப்பாறை ஓடை பார்க்க அழகுதான். அதில் பொய் சொல்வதற்கில்லை. பாறைச் சரிவில் கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து, ஒரு குழியில் தேங்கி நின்று, நாவல் மர நிழலில் சலசலத்தது. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். ராமுலு செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவது மாதிரி இறங்கி, பித்தளைச் சொம்பில் முகந்தார்.

“பாருங்க சம்மந்தி. தூசி இருக்குதா, துரும்பு இருக்குதா? ஓடற தண்ணியில ஒண்ணும் தங்காதுங்க. குடிங்க, அப்பறம் சொல்லுங்க.”

ராமாமணி சொம்பை இரண்டு கையாலும் வாங்கினாள். அண்ணாந்து உயர்த்தினாள். தண்ணீர் சொம்பின் விளிம்புக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான், வரலட்சுமியின் கை பாய்ந்தது. சொம்பு பறந்துபோய் எதிர்ப்பாறையில் ‘ணங்’கென்று மோதியது. அந்தச் சத்தம் கேரளா வரை போய்த் திரும்பி வந்தது.

“அய்யோ! என்ன அம்மணி இது, சம்மந்தி கையில இருக்கறதத் தட்டியுடறே!”

“தட்டத்தான் செய்வனுங்க! போன தடவ குளுக்கோஸ் ஏத்துனது பத்தலையா? கண்ணுக்குத் தெரியற தூசியக் கண்டா யாரு குடிக்கறா? கண்ணுக்குத் தெரியாததுதானுங்க வயித்துல போயிப் பந்தல் போடுது! காய்ச்சி, குமுறக் குமுறக் கொதிக்கவெச்சு, அப்பறங் குடிங்க. நான் காய்ச்சறேன். சித்த பொறுங்க.”

ராமாமணியின் முகம் சுண்டிவிட்டது. “நான் ஒண்ணும் சொல்லலீங்க... ஆனா அவரு குடுத்ததக் குடிக்க உடாம, நீங்க காய்ச்சித் தாரேங்கறீங்களே...” மிச்சத்தைச் சொல்லவில்லை. சொல்லாத மிச்சத்தில் கொள்ளு வாசம் அடித்தது.

வரலட்சுமி போசியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடையின் ஓரமாக மேல்நோக்கி நடந்தாள். இந்தக் குழியில்தான் எல்லாரும் காலை நனைக்கிறார்கள், கொஞ்சம் மேலே போனால் தெளிவாக எடுக்கலாம் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணம் இல்லை.

“அம்மணி! அக்கட்டால போகாதே!”

ராமுலுவின் குரலில் இருந்த பதற்றம் அவள் அதுவரை கேட்டிராதது. பட்டறையில் லேத் மிஷினில் அவர் விரல் மாட்டியபோதுகூட இப்படிக் கத்தவில்லை.

“ஏனுங்க? யானை நிக்குதுங்களா?”

“யானையெல்லாம் இல்ல.”

“புலியா?”

“அதெல்லாம் இல்ல. அது... அது ஆம்பளைங்க பக்கம்.”

வரலட்சுமி நின்றாள். “காட்டுல ஏதுங்க ஆம்பளைங்க பக்கம்?”

ராமுலு நாசரைப் பார்த்தார். நாசர் நாவல் மரத்தைப் பார்த்தார். காய்க்காத காலத்தில் அவ்வளவு நேரம் யாரும் நாவல் மரத்தைப் பார்ப்பதில்லை.

அவள் ஏறினாள். ஓடை வளைகிற இடத்தில், பாறைக்கு அந்தப் பக்கம், ஒரு வேங்கை மரத்தில் தகரப் பலகை ஒன்று ஆணி அடித்திருந்தது. பட்டறையில் பம்புக்கு அடிக்கும் அதே பச்சை பெயின்ட். ராமுலுவின் கை எழுதிய வெள்ளை எழுத்து:

*இது சிறுவாணி. கீழே கோவை மக்கள் குடிக்கும் குடிநீர். கீழ்ப்பக்கம் அசுத்தம் செய்யாதீர். காலைக் கடனுக்கு மேலே செல்லவும். இப்படிக்கு, சிங்கை மலையேற்றக் கழகம்.*

அடியில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. சந்தேகமே வரக் கூடாது என்று அதைச் சிவப்பில் போட்டிருந்தார்.

அம்புக்குறி காட்டிய திசையில் வரலட்சுமி பார்த்தாள். ஓடையின் இரண்டு கரையிலும் நீருக்குப் பக்கத்திலேயே வசதியாகக் கல் போட்டு, கல்லுக்குக் கல் மரியாதையான இடைவெளி விட்டு... வேண்டாம். சாப்பிட்டு உட்கார்ந்து படிக்கிறவர்கள் இருப்பார்கள். கழகத்தார் கட்டுப்பாடாகக் கடமையைச் செய்திருந்தார்கள் என்பது மட்டும் போதும். நாலு வருஷமாக, மாதம் தவறாமல். பெய்கிற மழை ஒவ்வொன்றும் அதைச் சுரண்டி வழித்து ஓடையில் சேர்த்து, ஓடை பாறையில் வழுக்கி, நாவல் மர நிழலில், கண்ணாடி மாதிரி...

“நாசர் தம்பீ!”

அந்தக் குரலுக்கு மலையே “அக்கா” என்று பதில் சொல்லியிருக்கும். நாசர் ஓடிவந்தார்.

“என்னங்க இது?”

“அண்ணன் போட்ட ரூல்ஸுங்கக்கா.” நாசர் தலையைச் சொறிந்தார். “வெடியால நாலு மணிக்குக் கெளம்பி வாரமுங்களா, இங்க வந்து சேர்றப்ப எல்லாத்துக்கும்... நேரம் ஆயிருமுங்க. கீழ ஒதுங்குனா கோயமுத்தூர் சனம் குடிக்கற தண்ணி பாழாப்போயிரும், சிறுவாணிக்குத் துரோகம் பண்ணாதீங்கன்னு அண்ணன் கண்டிசனா சொல்லிப்போட்டாருங்க. அதுனால எல்லாரும் மேல போவமுங்க. மேல வெறுங் காடுதானுங்களே.”

“மேல போயிட்டு?”

“கீழ வந்து சாப்புடுவமுங்க.”

“சாப்புட்டு?”

நாசர் குரலைத் தாழ்த்தினார். “தண்ணி குடிப்பமுங்க.”

பின்னால் சருகு நொறுங்கும் சத்தம். ராமாமணி தாகத்தையும் மூச்சையும் மறந்து ஏறி வந்துவிட்டிருந்தாள். பலகையை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். அம்புக்குறியைப் பார்த்தாள். அது காட்டிய பக்கம் பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அதன் வழியாகவே, ரொம்ப மரியாதையாக, கீழே நின்ற ராமுலுவிடம் கேட்டாள்:

“ஏனுங் சம்மந்தி. நிச்சயதார்த்தத்துக்கு மொத நாளும் இங்கதான் வந்தீங்களாங்க?”

“வந்தமுங்க...”

“கழகம் மொத்தமும் வந்தீங்களாங்க?”

“நெறைய மெம்பருங்க வந்திருந்தாங்க அன்னிக்கு...”

“எல்லாரும் மேல போனீங்களாங்க?”

ராமுலு கைத்தடியால் கூழாங்கல்லை நோண்டினார்.

“மேல போயிட்டு வந்துதான் கேன் புடிச்சீங்களாங்க?”

கொங்குநாட்டில் ‘ங்க’ என்பது மரியாதை என்று யார் சொன்னது? அன்றைக்கு அந்த ‘ங்க’ ஒவ்வொன்றும் ஒரு ஆணி. ராமுலு அறைபட்டுக்கொண்டே போனார்.

“கோயமுத்தூர் சனத்துக்காகத்தானுங்க... கீழ போற தண்ணி சுத்தமா இருக்கோணுமேன்னு...”

“கீழ போறது நொய்யலுங்க!” வரலட்சுமி வெடித்தாள். “சிறுவாணி மலைக்கு அந்தப் பக்கம் கெடக்குது! கேரளாவப் பாத்து ஓடறத மலையக் கொடஞ்சு நம்மூருக்குக் கொண்டாராங்க! உங்க புள்ள ஏழாங்கிளாஸ்லயே படிச்சாளே, உங்களுக்குத் தெரியாது! இது சிறுவாணியும் இல்ல, சித்தப்பனும் இல்ல! அட, சிறுவாணியாவே இருந்தாலும் அதுக்கு மேல உக்காந்து போட்டுக் கீழ வந்து குடிச்சா எந்தச் சாமிங்க காப்பாத்தும்? இத ஊத்திப்போட்டு என்ற ரசத்தச் சொன்னீங்களே! ஒண்ணரை வருசமுங்க! ஒறம்பரை சனம் மொத்தமும் என்ற ஊட்டுல பச்சத்தண்ணி தொடாம எந்திரிச்சுப் போச்சு! உங்க வாயில இருந்து வந்த ஒத்த வார்த்தைங்க!”

ஓடைகூடக் கொஞ்சம் சத்தத்தைக் குறைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

“நாசரும்தானே குடிச்சான்” என்றார் ராமுலு கடைசி முயற்சியாக. “நாலு வருசமாக் குடிக்கறான். அவனுக்கு ஒரு நாளாவது ஏதாச்சும் ஆச்சா? கேளுங்க அவனையே.”

எல்லாரும் நாசரைப் பார்த்தார்கள். நாசர் தோள்பையைத் திறந்து ஒரு பிளாஸ்க்கை மெதுவாக வெளியே எடுத்தார். திருட்டு நகையை ஸ்டேஷனில் எடுத்து வைப்பது போல எடுத்தார்.

“ஊட்டுக்காரி குல்சும் குடுத்துடுதுங்கண்ணா. சீரகம் போட்டுக் காய்ச்சின தண்ணி. வெளியில எங்க போனாலும் இதத்தான் குடிக்கோணும்னு உத்தரவு. நான் ஓடைத் தண்ணிய வாய்கிட்டக் கொண்டுபோயி... சட்டைக்குள்ள உட்டுருவனுங்க.”

“நாலு வருசமாவா?”

“வெயில்ல காஞ்சுருமுங்கண்ணா.”

“தெரிஞ்சுட்டே இருந்தீங்களா தம்பி?” வரலட்சுமியின் கோபம் இப்போது திசை திரும்பியது. “மத்தவங்க குடிக்கறப்பப் பாத்துட்டே இருந்தீங்க?”

“அண்ணன் ஆசையா மொண்டு குடுக்கறப்ப வேண்டாங்கறது மரியாதையா இருக்காதுங்களேக்கா...”

“நல்லா இருக்குதுங்க உங்க மரியாதை! ஊரே படுத்துச்சு, மரியாதை எந்திரிச்சு நின்னுச்சு!”

அதற்குமேல் பேசி என்ன? கூஜாத் தண்ணீர் நாலு பேருக்குப் போதாது, கீழே இறங்கவும் தண்ணீர் வேண்டும். வரலட்சுமி போசியை எடுத்துக்கொண்டு, பலகை, கல், கழகம் எல்லாவற்றையும் தாண்டி, மனிதக் கால் படாத இடம் வரை ஏறிப்போய் முகந்துவந்தாள். அதையும் அப்படியே விட்டுவிடவில்லை. அங்கேயும் மான் உண்டு, பன்றி உண்டு, செத்த எலி உண்டு. காட்டு மிருகத்துக்கு யாரும் கக்கூஸ் கட்டி வைக்கவில்லை. வேட்டியை நாலாக மடித்து வடிகட்டினாள். துணியில் தங்கிய மண்ணையும் புழுவையும் ராமுலுவின் மூக்குக்கு நேராக நீட்டினாள். சருகில்லாத பாறைமேல் ஸ்டவ்வை வைத்தாள்.

“பம்ப் அடிங்க.”

“நானா?”

“முப்பது வருசம் பம்ப் செஞ்சு வித்தீங்கல்ல. அடிங்க.”

ராமுலு குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடித்தார். தண்ணீர் சூடாகி, ஓரத்தில் முத்து முத்தாகக் கொப்புளித்தபோது, “போதும், கொதிச்சுருச்சு” என்று கையை எடுத்தார்.

“கையெடுக்காதீங்க! இது இளஞ்சூடுங்க. புரண்டு புரண்டு கொதிக்கோணும். கொதிச்சாலும் உடனே எறக்கப்படாது, கொஞ்ச நேரம் அப்புடியே குமுறோணும். அடிங்க!”

அடித்தார். போசி குமுறியது. பக்கத்தில் அதைவிட அதிகமாகக் குமுறியபடி வரலட்சுமி நின்றாள். இறக்கிவைத்து, கூஜாவிலிருந்த காய்ச்சின தண்ணீரால் டம்ளரை அலம்பி, சூட்டோடு சூடாக ஆற்றி ஆற்றி ஊற்றி நீட்டினாள்.

யாருக்கு நீட்டினாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ராமாமணி டம்ளரைப் பார்த்தாள். வரலட்சுமியைப் பார்த்தாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு இந்தக் கையிலிருந்து வாங்கினாள். ஊதி ஊதிக் குடித்தாள். ஒரு டம்ளர், இரண்டு டம்ளர், அப்புறம் எண்ணவில்லை. ஓடையே ஒரு அடி இறங்கியிருக்கும்.

“சம்மந்தி,” என்றாள் கடைசியில், வாயைத் துடைத்துக்கொண்டு. “வளைகாப்புக்குச் சமையக்காரன வரவேண்டாம்னு சொல்லிப்போடறனுங்க. நீங்களே பண்ணுங்க. என்ற மேல கோவிச்சுக்காதீங்க.”

“கோவிச்சுக்கத்தானுங்க செய்வேன்” என்றாள் வரலட்சுமி. “உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா எனக்குப் பத்தாது. அன்னிக்குப் படுத்த சனம் அத்தனையும் வளைகாப்புக்கு வருது. அத்தன பேத்துக்கும் இவரு வாயால சொல்லோணும். ரசமில்ல, நான் கொண்டாந்த தண்ணின்னு.”

“சொல்லலாம் அம்மணி, மெதுவாச் சொல்லிக்கலாம்” என்றார் ராமுலு. “ஊட்டுக்குப் போயி, நேரங் காலம் பாத்து, ஒவ்வொருத்தரா...”

இந்த ‘மெதுவா’வை அவளுக்கு முப்பது வருஷமாகத் தெரியும். கொல்லைப்புறத்துப் பொடக்காளியில் பாத்ரூம் கட்டித் தருகிறேன் என்று சொன்ன அதே ‘மெதுவா’. அவள் நேராகப் போய், வேங்கை மரத்துப் பலகையை இரண்டு கையாலும் பிடித்து, காலை மரத்தில் ஊன்றி இழுத்தாள். ஆணிகள் ‘கிறீச்’சென்று அலறிக்கொண்டு வந்தன. தகரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலை இறங்க ஆரம்பித்தாள்.

“அது எதுக்கு அம்மணி? மாத்தி எழுதி வேற பக்கம் மாட்டிக்கறேன், குடு இங்க...”

அவள் அதற்குள் அடுத்த வளைவைத் தாண்டிவிட்டிருந்தாள்.

வளைகாப்பன்று பந்தலில் ஜனம் நெரிந்தது. கோயமுத்தூரில் பாதியும் திருப்பூரில் கால்வாசியும் வந்திருந்ததாகப் பேச்சு. பிரத்யுஷாவின் இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். அடுப்படியில் வரலட்சுமி ஏழு வகைச் சாதம் கிளறினாள். எட்டாவதாக, வழக்கத்தில் இல்லாததாக, ஒரு அண்டா கொள்ளு ரசம் வைத்தாள். வாசம் குளத்தைத் தாண்டிப் போனது.

பந்தல் வாசலில் ஒரு பெரிய தண்ணீர் அண்டா. அதற்குப் பக்கத்தில் ஸ்டவ். ஸ்டவ்வுக்குப் பக்கத்தில், பட்டுவேட்டி கட்டி, வியர்த்து ஊற்ற ராமுலு. அவர் தலைக்கு மேலே பந்தல் காலில், மஞ்சள் குங்குமம் வைத்து, மாலையும் போட்டு, பச்சைத் தகரப் பலகை.

வருகிற ஒவ்வொருத்தரும் நின்று படித்தார்கள். படித்துவிட்டு, “ஏனுங் மாமா, என்னுங்க இது? காலைக் கடனுக்கு மேலே செல்லவும்னு போட்டிருக்குது?” என்று கேட்டார்கள். ராமுலு தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஓடை, கழகம், அம்புக்குறி, கேன். ஒருத்தருக்குச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆள். நாசர் பக்கத்தில் நின்று, விட்டுப்போனதை எடுத்துக்கொடுத்தார். அன்றைக்கு வேட்டி கட்டுவதை நிறுத்தின பெரிய மாமா வந்தபோது ராமுலுவின் குரல் கம்மிப்போய் முனகலாகிவிட்டது.

“ரசமில்லீங்க மாமா... தண்ணிதானுங்க... நாங்கதானுங்க மேல...”

அடுப்படி ஜன்னல் திறந்தது. கரண்டியோடு ஒரு கை வெளியே வந்தது.

“சத்தமாச் சொல்லுங்க! பந்திக் கடைசியில உக்காந்திருக்கறவங்களுக்குக் கேக்கலையாமா!”